திரிசிரபுரத்தில் சுவார்ட்ஸ் ஐயர்

நம் குலப் பெரியோருடைய வரலாறுகளும், குலத்திற்குப் புறம்பாய் நின்று நமக்கு வழிகாட்டிய பெரியோருடைய வரலாறுகளும் இப்பத்திரிகையில் இடம்பெறுதல் அன்பர்கள் அறிந்ததே. சைவரும் வைணவரும் கிறிஸ்தவரும் ஆகிய முத்திறத்தாரும் நம் வேளாளர் குலத்தில் இருக்கின்றனர். ஆதலின் ஒரு சமயத்துப் பெரியாரைப் பற்றி எழுதுங்கால் மற்றைச் சமயத்தார் அதனை வேற்றுமையாகக் கருதாது, அப்பெரியாரிடத்து விளங்கிய நற்குணத்தையே நோக்குவர் என்பது நமது துணிபு. ஒருவர் தாம் மெய்யென்று நம்பிய ஒன்றைப் பிறர்க்குச் சொல்ல, கேட்டவர் அதனை மறுக்க, மறுத்தவர் மீது சினமும், சொல்லிய பொருள் மீது ஐயமும் கொள்ளாது தம் வாழ்நாள் முழுதும் நடந்துகொள்ளுதல் எளிதன்று. அங்ஙனம் நடந்தவருள் ஒருவர் நம் திரிசிரபுரத்தில் 16 ஆண்டுகள் வாழ்ந்த சுவார்ட்ஸ் ஐயர். அவர் சரிதத்தை ஈண்டுச் சுருக்கி எழுதுவோம்.

கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் என்பது இவரது முழுப்பெயர். ஜெர்மானியரது பிரஷ்ய நாட்டில், சோனன்பர்க் என்னும் சிற்றூரில், 1726-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பிறந்தார். இவர் குழந்தையாயிருந்தபோதே அன்னையார் காலஞ்சென்றனர். இறக்குந் தறுவாயில் அவ்வம்மையார் தம் மகனைக் கடவுட்பணிக்கென ஒப்புவித்துச் சென்றனர் என்பர். பின்னர் இவர் ஹாலே நகரத்துச் சர்வகலாசாலையில் கல்வி பயின்றார். தரங்கம்பாடியிலும் சென்னையிலும் பணிபுரிந்து திரும்பிய சூல்ச் ஐயர் அந்நாளில் அங்கிருந்தார். தமிழ் விவிலியத்தை அவ்வூரில் அச்சிட அவர் எண்ணி, எழுத்துப் பிழைகளைப் பார்த்துத் திருத்தும்பொருட்டு இவரைத் தமிழ் கற்கச் செய்தார். அச்சுவேலை கைகூடவில்லை. கற்ற தமிழ் மட்டும் இவரிடத்தே நிலைத்து நின்றது. கடல் கடந்த ஒரு நாட்டின் மொழியை இளமையிற் கற்றவர், அந்நாட்டிற்கே தம்மை உரியராக்கிக் கொள்ள மனம் இசைந்தார். 1749-இல் கோப்பன்ஹேகன் நகரத்திற் குருப்பட்டம் பெற்று, 1750-ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். இறங்கிய நான்கு திங்களுக்குள் சீகன்பால்கு ஐயர் கட்டிய ஆலயத்தில் தமிழிற் பிரசங்கம் செய்தாரெனின், அவரது முயற்சியின் திறம் விளங்கும்.

தரங்கம்பாடியிற் பன்னிரண்டாண்டுகள் பணிபுரிந்தார். இடையே 1760-இல் இலங்கைக்கும் சென்று மீண்டார். 1762-இல் தஞ்சைக்கும் திரிசிரபுரத்திற்கும் கால்நடையாகவே வந்தார். வந்தவர் நம் நகரத்தில் தங்கும்படி நேர்ந்தது.

அக்காலத்துத் திரிசிரபுரம் எத்தகைய நிலையில் இருந்தது என்பதை அன்பர்கள் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். பத்தாண்டுகட்கு முன்னர்த்தான் இந்நகரத்தைச் சூழ்ந்து பெரும்போர் நிகழ்ந்தது. சந்தா சாகிபும் பிரஞ்சுப் படையும் திருவரங்கத்துள் அரண் கொண்டிருந்து, 1752-இல் அங்கேயே பணிந்தனர். அரங்கநாதர் திருமதில்களே கோட்டையாகவும் பாசறையாகவும் பயன்பட்ட கொடுங்காலம் அது. போர் ஓய்ந்த பின் நவாபு முகம்மது அலியின் ஆட்சியும், ஆங்கிலக் கும்பினியாரின் படையும் இங்கு நிலைபெற்றன. ஊரார் வெள்ளையர் என்றால் பீரங்கியையும் குடிவெறியையுமே நினைத்தனர். அத்தகைய ஊரில், அதே நிறத்தவர் ஒருவர் வந்து, கடவுளன்பைப் பற்றியும் மனத்தூய்மையைப் பற்றியும் தமிழிற் பேசத் தொடங்கினால், கேட்போர் உள்ளத்தில் என்ன எழும்? ஐயரை எதிர்த்து நின்ற தடைகளுள் முதன்மையானது இதுவே.

ஒருமுறை நட்டுவனார் ஒருவரும் அவர் மாணாக்கியும் எதிர்ப்பட்டனர். தீயொழுக்கமுடையார் எவரும் மோட்ச இராச்சியத்திற் புகமாட்டார் என்று ஐயர் அவர்கட்குச் சொன்னார். அங்ஙனமாயின் ஐரோப்பியரில் அநேகமாய் ஒருவரும் அங்குப் போக மாட்டாரே என்று அப்பெண் உடனே மறுமொழி கூறிச் சென்றனள். ஐயர் இதனை மறைக்கவில்லை. தம் நாட்டார்க்கு எழுதி அனுப்பிய குறிப்புக்களில் தாமே இதனைப் பொறித்து வைத்தார். அவ்வசையில் உண்மையுண்டு என்று அவர் உணர்ந்ததனாலன்றோ அங்ஙனம் செய்தார்?

இத்தடைக்கு அவர் கண்ட மருந்து தமது வாழ்க்கையே. கோட்டையிற் பழைய கட்டடமொன்றில், கட்டிலும் தாமும் அடங்குமளவான சிற்றறை ஒன்றே அவர்க்கு இருப்பிடம். தமிழர் சமைக்கும் முறையிற் சமைத்த சோறும் காய்கறியுமே உணவு. கறுப்புச் சாயம் தோய்த்த முரட்டுத் துணியே ஆண்டு முழுமைக்கும் ஆடை. ஆண்டொன்றுக்கு 48 பவுன் சம்பளம். இவற்றை அக்காலத்தில் அவரை நேரிற் கண்ட ஆங்கிலேயர் ஒருவர் வியந்து எழுதியிருக்கின்றார். அவர் திருமணஞ் செய்துகொள்ளவில்லை. விடியற்காலையில் உபதேசியார்களைக் கூட்டிச் செபம் செய்து, அவர்களைப் பல திசைகளுக்கும் அனுப்புவார். மாலையில் அவர்கள் திரும்பிவந்து, இன்னார் கேட்டார், இன்னார் ஏசினார், இன்னார் துரத்தினார் என்று கூறுவனவற்றைப் பொறுமையோடு கேட்டு, மறுநாள் சொல்ல வேண்டுவனவற்றைக் கற்பிப்பார். தாமும் உறையூர், திருவரங்கம் முதலிய சுற்றிடங்களிலும் காவேரிக் கரையிலும் மக்களைக் கண்டு பேசுவார். முகம்மதியரோடும் நவாபின் அரண்மனையாரோடும் பேசும்பொருட்டுப் பாரசீக மொழியும் இந்துஸ்தானியும் பயின்றார். பின்னர்த் தஞ்சை அரசவையின் பொருட்டு மராட்டியும் கற்றனர்.

கேட்டவர் யாவரும் அவரை இகழ்ந்தார் அல்லர். பலர் மரியாதையோடு கேட்டனர், நன்றென்று தலையசைத்தனர், எழுந்து சென்றனர். அந்தணர் சிலர் அவர் சொல்வது தக்கதே என்று ஒப்பியும், உற்றார் கைவிடுவர், பெண் கொடுப்பார் இல்லை, பிழைப்புக்கு வழியில்லை என்று காரணங் காட்டி விலகினர். வெளிப்படையான வசையைப் பொறுத்தல் ஒருவாறு எளிது. இனிய சொல்லோடு கூடிய மறுப்பு நாள்தோறும் நெஞ்சை இளைக்கச் செய்வது. பதினாறு ஆண்டுகள் அம்மறுப்பைப் பெற்றும் அவர் குரலில் கசப்பு ஏறவில்லை. திருவரங்கத்துப் பெருமக்களிற் பெரும்பாலோர் தம் முன்னோர் நெறியிலேயே நின்றனர். அதுபற்றி அவர்களை அவர் பகைத்தார் என்று கூறுவார் எவரும் இலர்.

திருவரங்கத்தார்க்கு இக்குணம் புதிதன்று. உடையவர் சோழ மன்னன் ஒருவனது சினத்தால் அரங்கத்தை விட்டு மேல்நாடு சென்று மேலக்கோட்டையில் வாழ்ந்ததையும், கூரத்தாழ்வான் தம் கொள்கையின் பொருட்டுக் கண்களை இழந்ததையும் குருபரம்பரை நூல்கள் உருக்கமாகக் கூறும். தாம் பற்றிய பொருளுக்காகத் துன்புற்றவரை மதிக்கக் கற்றவர், வேறு பொருளைப் பற்றித் துன்புற்றவரையும் மதிப்பர். ஐயரை அந்நகர மக்கள் தம் நெறிக்குப் புறம்பானவராகக் கண்டும் நல்லவராகவே கண்டதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

1763-இல் கோட்டையின் மருந்துக் கிடங்கு தீப்பற்றி வெடித்து, பலர் உயிரிழந்தனர். குழந்தைகள் பலர் திக்கற்றவராயினர். ஐயர் படைத்தலைவரிடம் பொருள் வேண்டிப்பெற்று அக்குழந்தைகட்கு ஒரு பள்ளி அமைத்தார். இன்று நகரத்தில் விளங்கும் பழைய கல்விச்சாலைகளுள் ஒன்றின் தொடக்கம் அதுவே. 1764-இல் மதுரை முற்றுகையில் நோயுற்றோர்க்கும் காயம்பட்டோர்க்கும் பணிவிடை செய்தமைக்காக நவாபு 300 வராகன் அளித்தார். அதனையும் அவர் தமக்கென வைத்துக்கொள்ளாது பள்ளிக்கே உதவினார். 1766-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் நாள், தெப்பக்குளத்தின் அருகே அவர் எடுப்பித்த கிறிஸ்து ஆலயம் திறக்கப்பெற்றது. உச்சிப் பிள்ளையார் கோயிலின் நிழலில் அவ்வாலயம் இன்றும் நிற்றலைத் தெப்பக்குளம் போவோர் யாவரும் காணலாம். படையினர்க்குக் குருவாயிருந்ததற்கென 1768 முதல் ஆண்டுக்கு 100 பவுன் கிடைத்தபோதும் அவர் தம் வாழ்க்கை முறையை மாற்றாது, அதிலொரு பகுதியைச் சபைக்கே செலவிட்டனர்.

எண்ணிக்கை பெருகவேண்டும் என்பது மட்டும் அவர் நோக்கமாயிருந்திருப்பின், தம்மை நாடி வந்தவரை உடனே ஏற்றுக்கொண்டிருப்பார். தஞ்சையைச் சேர்ந்த மராட்டிய அந்தணக் கைம்பெண் ஒருவர் ஆங்கிலப் படைத்தலைவர் ஒருவரோடு வாழ்ந்து வந்தார். அவர் ஞானஸ்நானம் வேண்டியபோது, முறையான மணம் இன்மையின் ஐயர் மறுத்துவிட்டார். ஈண்டு மறுத்தவர் ஐயரே, மறுக்கப்பட்டவர் அவ்வம்மையார். அவர் மனம் முறியவில்லை. அத்தலைவர் இறந்த பின்னும் தம் கொள்கையில் நின்று, 1778-இல் பாளையங்கோட்டையில் ஐயர் கையாலேயே ஞானஸ்நானம் பெற்றுக் குளோரிந்தா என்னும் பெயர் பூண்டார். அவர் கட்டிய ஆலயம் 1785-இல் திறக்கப்பெற்றது. திருநெல்வேலிச் சபைக்கு அதுவே வித்தாயிற்று.

1769-இல் தஞ்சை மன்னர் துளசா ஐயரை முதன்முதல் கண்டார். கண்ட அளவில் அன்பு கொண்டார். ஆயினும் அரசவையார் பலர் அந்நட்பை விரும்பாது தடைசெய்தமையால், மன்னரது அன்பு நெடுநாள் பயனின்றி இருந்தது. ஐயர் வற்புறுத்தாது காத்திருந்தார். 1778-இல் திரிசிரபுரத்துச் சபையைப் போலே ஐயரிடம் ஒப்புவித்துவிட்டுத் தஞ்சையிற் குடியேறினார். மறு ஆண்டில் ஐதர் அலியிடம் தூது செல்லும்படி சென்னை அரசினர் வேண்டினர். பிற தூதரை நம்பாத ஐதர் இவர் ஒருவரையே நம்புவதாகக் கூறியனுப்பியிருந்தனர். சீரங்கப்பட்டணம் சென்று அன்போடு வரவேற்கப்பெற்றும், சமாதானம் நிலைக்கவில்லை. 1780-இல் போர் மூண்டது. தூது பயனிலதாயிற்று. எனினும் ஐதர் தம் படையினர்க்கு இவரை எவ்விடத்தும் தடுக்கலாகாது என்று கட்டளையிட்டிருந்தமையால், போர் நடுவிலும் இவர் அச்சமின்றிச் சென்று வந்தார். வழிச்செலவுக்கென ஐதர் தந்த 300 ரூபாயையும் அரசினரிடம் ஒப்புவித்து, அவர் இசைவுடன் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கே ஆக்கினார்.

அப்போரினால் தஞ்சை நாட்டிற் கொடிய பஞ்சம் விளைந்தது. கோட்டையுள் உணவில்லை. முன்னர்ப் பொருள் கொடாது ஏமாற்றப்பட்ட உழவர் மன்னரது சொல்லையும் கும்பினியாரின் சொல்லையும் நம்ப மறுத்தனர். ஐயர் தாம் பொறுப்பேற்பதாக வாக்களித்தார். இரண்டொரு நாளில் ஆயிரம் எருதுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டையுட் புகுந்தது. உழவர்க்குச் சேரவேண்டிய பொருள் ஒரு காசும் குறையாது கொடுக்கப்பட்டது. பின்னரும் கொடுமைக்கஞ்சி ஊரைவிட்டு ஓடிய குடிகள் அவர் வாக்கை நம்பி ஒரே நாளில் ஏழாயிரவர் திரும்பினர். நம் குலத்தினர் ஏரையும் நெல்லையும் நம்பி வாழ்பவர். நெல்லை ஒருவர் சொல்லுக்காகக் கொடுத்தனுப்புதல் எத்துணை நம்பிக்கை என்பது நமக்கன்றோ தெரியும்? அவ்வுழவரிற் பெரும்பாலோர் அவரது சமயத்தை ஏற்றவர் அல்லர். சமயத்தை மறுத்தவர் அவரது சத்தியத்தை ஏற்றனர்.

தம் நாட்டார் போன்றவரிடமிருந்தும் அவர்க்கு இழிவுரை வந்தது. 1793-இல் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் உறுப்பினர் ஒருவர் இந்திய நாட்டுக் கிறிஸ்தவரை ஒழுக்கமில்லாதவரென்று இழித்து, ஐயரது உழைப்பெல்லாம் வீணென்று பேசினார். அச்சமயம் ஐயர்க்கு அகவை 67. தம்மைப் புகழ்ந்து ஒரு சொல்லும் எழுதும் வழக்கமில்லாத அவர், தம் மக்களைப் பழித்தமை பொறாது, 1794-இல் விரிவான மறுமொழி ஒன்று எழுதியனுப்பினார். உழவர் செய்தி முதலியன நமக்கு இத்துணை விவரமாகக் கிடைத்தது அக்கடிதத்தினாலேயே. பழித்தவர் பெயரை இன்று நினைப்பார் அரியர்.

ஐயரால் நெறிப்பட்டவருள் உயர்குடியிற் பிறந்த சத்தியநாதன் ஒருவர். உற்றார் வெறுப்பைப் பொறுத்து உபதேசியாராகி, 1790-இல் குருப்பட்டம் பெற்றுப் பாளையங்கோட்டைக்கு அனுப்பப்பட்டார். நம் குலத்துதித்த வேதநாயகம் சாஸ்திரியாரைப் பன்னிரண்டு வயதுச் சிறுவராயிருந்தபோதே ஐயர் திருநெல்வேலியிலிருந்து அழைத்துவந்து கல்வி பயிற்றினார். அவருடைய கீர்த்தனங்கள் இன்றும் தமிழ்ச் சபைகளில் ஒலிக்கின்றன. துளசா மன்னர் 1787-இல் இறக்குந் தறுவாயில் தம் தத்துப் பிள்ளை சரபோஜியை ஐயரிடமே அடைக்கலமாகத் தர விரும்பினார். ஐயர் அரசியற் பொறுப்பை ஏற்காவிடினும், அப்பிள்ளைக்கு இடர் வந்தபோது தந்தை போலக் காத்து, கல்வி பெறச் செய்தார். இங்கு நாம் ஊன்றி நோக்கவேண்டுவது ஒன்றுண்டு. சரபோஜி கிறிஸ்தவர் ஆகவில்லை. தம் முன்னோர் நெறியிலேயே இறுதிவரை நின்றனர். ஐயர் தம் அன்பை அதற்கு விலையாக ஒருபோதும் கேட்டதில்லை. 1798-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள் ஐயர் தஞ்சையிற் காலமானபோது, இளவரசர் வந்து கண்ணீர் உகுத்து, உடல்மீது பொன்னாடை போர்த்தி, அடக்கஞ் செய்யும்வரை உடனிருந்தார். பின்னர் இலண்டன் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு சலவைக்கல்லில் நினைவுச்சின்னம் செய்வித்துத் தஞ்சை ஆலயத்தில் வைத்தனர். இறக்குங்கால் படுக்கையிற் கிடக்கும் ஐயரின் கையைச் சரபோஜி பற்றி நிற்கும் அச்சிற்பத்தை இன்றும் காணலாம்.

இனி, நம் சங்கத்தார்க்குச் சிறப்பாக உரிய ஒரு செய்தியைச் சொல்லாது விடுதல் நேர்மையன்று. ஐயரது காலத்துச் சபைகளில் வேளாளர் முதலியோர் ஒரு புறத்தும், தாழ்த்தப்பட்ட வகுப்பினர் மற்றொரு புறத்துமாக அமர்ந்தனர். ஐயர் அதனை வலிந்து மாற்றாது, நாளடைவில் தானே நீங்கும் என்று பொறுத்திருந்தார். அவர் காத்திருந்தபடி அது நீங்கவில்லை. 1826-இல் ஈபர் அத்தியட்சர் இவ்வழக்கை ஆராயத் தொடங்கிய அளவில், ஏப்ரல் 3-ஆம் நாள் நம் திரிசிரபுரத்திலேயே திடீரென உயிர் நீத்து, அர்ச்யோவான் ஆலயத்தில் அடக்கமாயினர். 1833-இல் வில்சன் அத்தியட்சர் சாதி வேற்றுமையைச் சபைக்குள் அறவே விலக்கவேண்டுமெனக் கட்டளையிட்டபோது, தஞ்சை, வேப்பேரி, திரிசிரபுரம் முதலிய இடங்களிற் பலர் சபையை விட்டே விலகினர். விலகியவருள் நம் குலத்தார் மிகப் பலர்.

உற்றாரால் புறக்கணிக்கப்பட்ட துன்பத்தைத் தம் முன்னோர் வாயிலாகக் கேட்டறிந்தவர், தம்மோடு அதே பாத்திரத்திற் பருகவந்த சகோதரரைப் புறக்கணித்தனர். நம் முன்னோரை இழித்துரைக்க இதனை எழுதுகின்றோம் அல்லோம். அவர்கள் வாழ்ந்த காலத்தின் வழக்கம் வலிது. குடிப்பிறப்பின் மதிப்பை இழத்தல் அவர்கட்கு உயிரையே இழத்தல் போன்றிருந்தது. ஆயினும் மறுக்கப்பட்டவன் நோவு இன்னதென்று அறிந்திருந்தும் பிறரை மறுத்தல் எத்தகைய குறை என்பதை நாம் மறைத்துப் பேசுதல் தகாது. ஐயரது பொறுமை பெரிது. அப்பொறுமையை நம்மவர் தமக்கு வசதியாகப் பயன்படுத்திக் கொண்டனர் என்பதும் உண்மை.

மற்றொன்றும் உண்டு. நம் குடும்பங்கள் பலவற்றில், மூன்று நான்கு தலைமுறைகட்கு முன் ஒருவர் சமயம் மாறினமையால், அவர் கிளை வேறாக வெட்டப்பட்டு, நன்மை தீமைக்கும் அழைக்கப்படாது போயிற்று. ஒரே பாட்டனாரின் பேரர்கள் ஒருவர் வீட்டுத் திருமணத்தை மற்றவர் அறியாதிருக்கின்றனர். இழவு வீட்டிலும் வாசலில் நிற்பதோடு சரி. சைவ வீட்டார் கிறிஸ்தவ வீட்டாரைக் குறை கூறுதலும், கிறிஸ்தவ வீட்டார் சைவ வீட்டாரை இருளிலிருப்பவரென்று தள்ளுதலும் ஆகிய இரண்டும் இதற்குக் காரணங்களே. தம் சமயத்தை மறுத்த சரபோஜியை மகனாகக் கருதிய ஐயரையும், தாம் ஏற்காத சமயத்துக் குருவைத் தந்தையாகக் கருதிய சரபோஜியையும் இருபாலாரும் எண்ணிப் பார்ப்பாராக.

நம்புவதை ஒளிக்காது சொல்லுதல் ஒருவர்க்கு உரிமை. அதனை ஏற்காதிருத்தல் கேட்பவர்க்கு உரிமை. இவ்விரண்டிற்கும் நடுவே அன்பு முறியாதிருத்தல் கூடும் என்பதற்கு ஐயர் வாழ்ந்த 71 ஆண்டுகளும் சான்று. நம் சங்கத்துக் குடும்பங்களில் இவ்வாறு பிரிந்து நிற்கும் கிளைகள் இருப்பின், அடுத்து வரும் மணவிழாவிற்கு ஓர் அழைப்பிதழை அவ்வீட்டிற்கும் நேரிற் சென்று கொடுக்க வேண்டுமென அன்பர்களை வேண்டிக்கொள்ளுகின்றோம். அவர்கள் வாராது போயினும் மனம் வருந்தாது, அதற்கடுத்த விழாவிற்கும் அழைப்பீர்களாக.